சாய மெஷின் கலன்: ஏறி இறங்கும் வெப்பமும் உலோகச் சோர்வும்

நூலைப் பேக்கேஜாக அடுக்கிச் சாயமிடும் உயரழுத்த மெஷினின் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். வடிவமைப்பு அழுத்தம், வடிவமைப்பு வெப்பநிலை, நீரழுத்தச் சோதனை அழுத்தம், தயாரித்த ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எத்தனை பேட்ச் ஓட்டலாம் என்ற எண் பெரும்பாலும் இருக்காது. திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரச் சாயப்பட்டறைகளில் நாளுக்கு மூன்று முறை சூடேறிக் குளிரும் கலனுக்கு மற்ற எல்லா எண்களையும்விட அந்த எண்தான் தேவை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

பாலியெஸ்டர் நூலுக்குள் சாயம் சரியாக இறங்க 130 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த வெப்பநிலையில் தண்ணீர் கொதிக்காமல் இருக்க, வளிமண்டலத்துக்கு மேல் குறைந்தது 1.7 பார் அழுத்தம் தேவை. அதோடு பம்ப்பின் தள்ளுவிசையும் மேலே செலுத்தும் காற்றழுத்தமும் சேரும். பேட்ச் தொடங்கும்போது கலன் 40 டிகிரியில் இருக்கும். நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி வீதம் ஏறி, 130-ல் அரைமணி, முக்கால் மணி நேரம் நின்று, குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, சாயநீர் வெளியேறி, அலசும் தண்ணீர் உள்ளே வரும். ஒரு பேட்ச் முடிவதற்குள் உலோகம் ஒரு முழுச் சுழற்சியைக் கடந்துவிடுகிறது.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே நிறுத்தித் தொடங்கும் பெரிய சுத்திகரிப்பு ஆலைக் கலன், 25 ஆண்டுகளிலும் நூறு சுழற்சியைத் தொடுவது அரிது. நாளுக்கு மூன்று பேட்ச் ஓடும் சாயக் கலன் ஓராண்டிலேயே ஆயிரத்தை எட்டிவிடும். அழுத்தம் குறைவு, தகடு மெல்லியது, உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தானே என்று இதை எளிய கலனாக எண்ணுவது தவறு. சோர்வுக் கணக்கில் இது கடுமையான வேலை செய்யும் கலன்.

வீச்சும் எண்ணிக்கையும்

உலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் விளைவுத் தகைவுக்குக் கீழே இருந்தாலும், ஏறி இறங்கும் சுமை திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தின் மேற்பரப்பில் நுண்ணிய விரிசல் பிறக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் அது சிறிதளவு முன்னேறும். இதுவே சோர்வு. நிலையாக நிற்கும் சுமை இந்த வேலையைச் செய்வதில்லை. எனவே நமக்கு வேண்டியவை இரண்டே எண்கள்: தகைவு எந்த அடியிலிருந்து எந்த உச்சிவரை போய்வருகிறது என்ற வீச்சு ஒன்று, எத்தனை முறை போய்வருகிறது என்ற எண்ணிக்கை மற்றொன்று.

வெல்டிங் செய்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். வெல்ட் குளிரும்போதே அங்கே விளைவுத் தகைவுக்கு நெருக்கமான இழுவிசை தங்கிவிடுகிறது. அதன் மேல் நாம் அமுக்கும் சுமையைக் கொடுத்தாலும், உண்மையில் அங்கே இழுவை கொஞ்சம் குறைந்து மீண்டும் ஏறுவதாகவே அமையும். ஆகவே வெல்டில் சராசரித் தகைவு என்ன, அது இழுப்பா அமுக்கமா என்று பார்த்துக் கழிவு கொடுக்கக் கூடாது. முழு வீச்சும் கணக்கில் வர வேண்டும். பின்னால் வரும் எடுத்துக்காட்டில் சூடேற்றும் கட்டத்தின் அமுக்கத்தையும் சேர்ப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் வடிகட்டல்

விரிவான கணக்கு தேவையா என்று தீர்மானிக்க நெறிநூல்களே எளிய வடிகட்டலைத் தருகின்றன. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. நெறிநூலின் எட்டாம் பிரிவு, முதல் பகுதிப்படி செய்யப்பட்ட கலன் என்றால், அங்கே சுழற்சிச் சுமையைக் கருத்தில் கொள் என்ற கட்டளை இருக்கிறது. கணக்கிடும் வழியைத் தேடி இரண்டாம் பகுதிக்குத்தான் போக வேண்டும். பலரும் இந்தக் கட்டளையைக் கடந்து போய்விடுகிறார்கள். தகட்டின் தடிமன் சரியாக வந்துவிட்டது, சோதனையில் கசியவில்லை, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பகுதியின் ஐந்தாம் பாகத்தில் 'முறை ஏ' என்றொரு வடிகட்டல் உண்டு. குறைந்தபட்ச இழுவலிமை 552 மெகாபாஸ்கலைத் தாண்டாத பொருள்களுக்கு அது பொருந்தும். சாயக் கலன்கள் செய்யும் 316 எல் துருப்பிடிக்காத எஃகுக்கு அது 485 மெகாபாஸ்கல் என்பதால் தடையில்லை. நான்கு எண்ணிக்கைகளைக் கூட்ட வேண்டும். முழு அழுத்தம் ஏறி இறங்கும் தடவைகள் முதலாவது. ஒரே உடலாகச் செய்த அமைப்பில் வடிவமைப்பு அழுத்தத்தின் 20 சதவீதத்துக்கு மேல் ஆடும் தடவைகள் இரண்டாவது. அருகருகே உள்ள இரு புள்ளிகளின் வெப்பநிலை வேறுபாடு மாறும் தடவைகள், ஒரு பெருக்கெண்ணோடு, மூன்றாவது. வெவ்வேறு விரிவுக் குணகம் கொண்ட இரு உலோகங்களின் வெல்ட் சூடேறிக் குளிரும் தடவைகள் நான்காவது. கூட்டுத்தொகை 1000-க்குள் இருந்தால் மேலும் கணக்கு வேண்டாம். வளைத்த மூடியின் ஓர வளைவில் நாசில் இருந்தால் எல்லை 350 ஆகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது எண்ணிக்கையின் பெருக்கெண்ணைக் கவனியுங்கள். வேறுபாடு 28 டிகிரிவரை பூஜ்யம். 56 வரை 1, 83 வரை 2, 139 வரை 4, 194 வரை 8, 250 வரை 12, அதற்கு மேல் 20. அதாவது 100 டிகிரி அதிர்ச்சி ஒரு முறை வந்தால் அது நான்கு முழு அழுத்தச் சுழற்சிக்குச் சமமாக எண்ணப்படுகிறது. நம் சாயக் கலனில் ஆண்டுக்கு 1000 பேட்ச், ஒவ்வொன்றிலும் 100 டிகிரி அளவில் வேறுபாடு என்றால் அழுத்தத்துக்கு 1000, வெப்பத்துக்கு 4000. முதல் ஆண்டிலேயே எல்லையை ஐந்து மடங்கு தாண்டிவிட்டோம்.

நான்காவது எண்ணிக்கைக்கும் இந்தப் பட்டறைகளில் இடமிருக்கிறது. செலவைக் குறைக்கக் கால்களையோ தாங்கு வளையத்தையோ சாதாரண எஃகில் செய்து, நேரடியாக 316 எல் ஷெல்லில் வெல்ட் செய்வார்கள். இரண்டின் விரிவுக் குணகத்துக்கும் இடையில் டிகிரிக்கு சுமார் 10 லட்சத்தில் 4.5 பங்கு வித்தியாசம். நெறிநூல் சொல்லும் 0.00034 என்ற வரம்பை, வெப்பநிலை 76 டிகிரி மாறினாலே அது தாண்டிவிடும். நடுவே ஷெல்லின் அதே உலோகத்தில் ஒரு பட்டைத் தகடு வைத்து, சாதாரண எஃகைச் சூடு குறைந்த இடத்துக்குத் தள்ளுவது மலிவான, நல்ல தீர்வு.

ஐரோப்பிய இ.என். 13445 நெறிநூல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. 500 முழு அழுத்தச் சுழற்சிக்கு மேல் போகும் கலனைச் சுழற்சிச் சுமைக் கலனாகவே பார்க்கச் சொல்கிறது. பகுதி அழுத்த ஆட்டங்களை முழு அழுத்தத்தால் வகுத்து, அந்த விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தால் எடைபோட்டுக் கூட்ட வேண்டும். பாதி அழுத்த ஆட்டம் எட்டு வந்தால் ஒரு முழுச் சுழற்சி. இந்த அளவுகோலிலும் நம் கலன் தேறாது. விரிவான கணக்குதான் வழி.

வெப்பம் எப்படித் தகைவாகிறது

அழுத்தம் தரும் தகைவைப் பொறியாளர் எல்லோரும் கணக்கிடுவார்கள். வெப்பம் தருவதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கலன் முழுவதும் ஒரே சீராகச் சூடாகி, தடையின்றி விரிந்தால் தகைவே இல்லை. ஒரு பகுதி குளிர்ந்து சுருங்க முயலும்போது, பக்கத்துப் பகுதி இன்னும் சூடாக நின்று அதைத் தடுத்தால்தான் தகைவு பிறக்கிறது.

சூடான சுவரின் உட்பரப்பு மட்டும் திடீரெனக் குளிர்ந்து, பின்னாலுள்ள உலோகம் அசையவிடாமல் பிடித்துக்கொண்டால் வரும் தகைவை ஒரே வரியில் சொல்லலாம். மீள்குணகத்தை விரிவுக் குணகத்தாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கி, ஒன்றில் பாய்சான் விகிதத்தைக் கழித்து வரும் 0.7 ஆல் வகுக்க வேண்டும். சாதாரண எஃகுக்கு டிகிரிக்கு 3.4 மெகாபாஸ்கல் வரும். 316 எல் எஃகுக்கு 4.55. அந்த எஃகின் குறைந்தபட்ச விளைவுத் தகைவு 170 மெகாபாஸ்கல்தான். முழுத் தடையில் 37 டிகிரி அதிர்ச்சியே அதைத் தொட்டுவிடும். 75 டிகிரியில் வீச்சு விளைவுத் தகைவின் இரு மடங்கு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு பேட்ச்சிலும் மேற்பரப்பு முன்னும் பின்னுமாக நெளியத் தொடங்கும். நிலையான அழுத்தச் சுமையும் கூடவே பெரிதாக இருந்தால், அந்த நெளிவு ஒரே பக்கமாகச் சேர்ந்து கலன் படிப்படியாக உருமாறவும் கூடும். அதற்கென நெறிநூலில் தனிச் சோதனை உண்டு. சோர்வுக் கணக்கில் தேறிவிட்டது என்பதால் அதை விட்டுவிடக் கூடாது.

துருப்பிடிக்காத எஃகு அரிப்பைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுவது. வெப்ப அதிர்ச்சியில் அது சாதாரண எஃகைவிட மோசம். அதிகம் விரிகிறது, வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிறது. சாதாரண எஃகு ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

தடிமன்தான் அடுத்த பெரிய விஷயம். வெப்பம் சுவருக்குள் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் இருமடியில் வளர்கிறது. தடிமனின் இருமடியை வெப்பப் பரவல் குணகத்தால் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும். 316 எல் எஃகில் 8 மி.மீ. ஷெல்லுக்கு சுமார் 16 நொடி. மூடி உட்காரும் 40 மி.மீ. வளையத்துக்கு 400 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. குளிர்ந்த தண்ணீர் வந்த கால் நிமிடத்தில் ஷெல் சுருங்கிவிடுகிறது. வளையம் இன்னும் சூடாக, விரிந்த நிலையிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் வெல்ட் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சாயக் கலன்களில் விரிசலை முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். சும்மா தடிமனைக் கூட்டினால் கலன் வலுவாகும் என்ற எண்ணம் அழுத்தத்துக்குச் சரி. வெப்ப அதிர்ச்சிக்கு அது பெரும்பாலும் எதிராகவே போகும்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் கோக் டிரம்களில் இதே இயக்கம் பல மடங்கு பெரிதாக நடக்கிறது. 480 டிகிரிக்கு மேல் சூடான கச்சா எச்சம் உள்ளே கோக்காக உறைகிறது. பிறகு தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். ஓரிரு நாளுக்கு ஒரு சுழற்சி. டிரம்மின் சுற்று வெல்ட்கள் அருகே சுவர் புடைத்து விரிசல் விடுவதும், டிரம்மைத் தாங்கும் பாவாடைத் தகடு அதன் மேல் வெல்டில் வெடிப்பதும் உலகெங்கும் தெரிந்த பிரச்சினை. பாவாடையின் மேல்பகுதியில் செங்குத்தாக நீளத் துளைகள் வெட்டி விடுகிறார்கள். அங்கே தகடு வளைந்துகொடுத்தால் வெல்டின் மீதான பிடி தளரும். விறைப்பைக் குறைப்பதால் ஆயுள் கூடுகிறது.

லாக் புக்கிலிருந்து தொடங்குங்கள்

சோர்வுக் கணக்கைக் கணினி மாதிரியிலிருந்து தொடங்குகிறவர்கள் பாதி வழியில் திரும்பி வர நேரிடும். கலனுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்ற வரலாறுதான் அடித்தளம். அது பிழையாக இருந்தால் அதன் மேல் கட்டும் எந்தக் கணக்கும் பயனற்றது. ஆபரேட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆர்டர் நெருக்கடியில் எந்தப் படியைச் சுருக்குகிறார்கள், ஷேடு தவறி மறுபடி ஓட்டும் பேட்ச் மாதத்துக்கு எத்தனை, மின்சாரம் போனால் பாதியில் நிற்கும் கலனுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மறுசாயம் போடும் பேட்ச்சும் கலனுக்கு முழுச் சுழற்சிதான். உற்பத்திக் கணக்கில் அது தனியாகத் தெரியாது.

அடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேமித்த வரைபடத்தை எடுங்கள். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று அமைத்திருந்தால், 16 நொடியில் நடந்து முடியும் அதிர்ச்சி அதில் இருக்காது. தண்ணீர் நிரப்பும் கட்டத்திலாவது நொடிக்கு ஒரு பதிவு வேண்டும். இன்னொன்று, அந்தப் பெட்டியின் உணரி காட்டுவது சாயநீரின் வெப்பநிலை. நமக்கு வேண்டியது உலோகத்தின் வெப்பநிலை. ஷெல்லில் ஒன்று, தடித்த வளையத்தில் ஒன்று, தண்ணீர் நுழையும் நாசிலின் இரு பக்கமும் ஒவ்வொன்று என வெப்ப இணைகளை ஒட்டி, காப்புப் போர்வையை மூடிவிட்டு ஒரு வாரம் ஓட விடுங்கள். பல லட்ச ரூபாய் மென்பொருளைவிட இந்த ஒரு வாரப் பதிவு அதிகம் சொல்லும்.

பதிவில் தெரியாத சுழற்சிகளும் உண்டு. பிரான்சின் சிவோ அணுமின் நிலையத்தில், முதல் உலையின் எஞ்சிய வெப்பம் அகற்றும் குழாய் 1998 மே மாதம் விரிசல் விட்டுக் கசிந்தது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வளைவு அது. நிலையம் புதியது, அந்தக் குழாய் வேலை செய்த நேரமும் மிகக் குறைவு. கலக்கும் நீர் சீராகக் கலக்காமல், குளிர்ந்த நாக்கும் சூடான நாக்கும் மாறி மாறிச் சுவரை நக்கியதால் வேகமான வெப்ப ஆட்டம் எழுந்தது. வடிவமைப்பாளர்கள் எழுதி வைத்த இயக்க நிலைகளில் இந்த ஆட்டம் இல்லை. சாயப்பட்டறையில் நேரடி நீராவி செலுத்தும் நாசிலும், குளிர்ந்த நீர் வந்து சேரும் டீ இணைப்பும் இதே வகை இடங்கள். அங்கே கலப்பு கலன் சுவரைத் தொடாமல் நடக்கும்படி உள்குழாயை நீட்டி விடுவது நல்லது.

ஒரு கணக்கு

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். இந்தக் கலன் எடுத்துக்காட்டுக்காக அமைத்தது. உள்விட்டம் 1000 மி.மீ., ஷெல் 8 மி.மீ., இயக்க அழுத்தம் 5 பார், அதாவது 0.5 மெகாபாஸ்கல். ஆரம் 500-ஐ அழுத்தத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் சுற்றுத் தகைவு 31 மெகாபாஸ்கல். மூடி வளையத்தோடு சேரும் இடத்தில் விறைப்பு மாறுவதால் அது மும்மடங்காகி 94 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்ப்பு ஃபில்லட் வெல்ட்.

இ.என். 13445 வெல்ட்களை வகுப்பு எண்ணால் தரம் பிரிக்கிறது. 20 லட்சம் சுழற்சி தாங்கும் தகைவு வீச்சு எத்தனை மெகாபாஸ்கலோ அதுவே வகுப்பு எண். நம் ஃபில்லட் வெல்டுக்கு 40 என்று எடுத்தால், 40-இன் மும்மடியை 20 லட்சத்தால் பெருக்கி 12,800 கோடி என்ற மாறிலி வரும். அதை வீச்சின் மும்மடியால் வகுத்தால் தாங்கும் சுழற்சிகள். முதலில் அழுத்தம் மட்டும்: 94-இன் மும்மடி 8.3 லட்சம். கிடைப்பது 1,54,000 பேட்ச். ஆண்டுக்கு ஆயிரம் என்றால் 154 ஆண்டு. அழுத்தத்தை மட்டும் பார்க்கிறவர் இங்கேயே கோப்பை மூடிவிடுவார்.

வெப்பத்தைச் சேர்ப்போம். இந்த மெஷினில் 130 டிகிரியிலேயே சாயநீரை வெளியேற்றும் வசதி உண்டு. உடனே 30 டிகிரித் தண்ணீர் நிரப்புகிறார்கள். 100 டிகிரி அதிர்ச்சி. முழுத் தடை இருந்தால் 455 மெகாபாஸ்கல். தண்ணீரிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் மாறும் வேகத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், தடித்த வளையத்தருகே அதில் பாதி, 230 அளவு வரும் என்று வைப்போம். சூடேற்றும்போது எதிர்த்திசையில் 60 மெகாபாஸ்கல் அமுக்கம்.

இப்போது வரிசையைப் பாருங்கள். சூடேறும்போது கழித்தல் 60. உச்சியில் நிற்கும்போது அழுத்தத்தால் 94. அழுத்தம் இறங்கியதும் 0. குளிர்நீர் நுழைந்ததும் 230. சமநிலைக்கு வந்ததும் 0. அழுத்தத்தின் உச்சமும் வெப்ப அதிர்ச்சியின் உச்சமும் ஒரே நேரத்தில் வரவில்லை. அதனால் 94-ஐயும் 230-ஐயும் கூட்டுவது தவறு. அதே சமயம் அமுக்கத்தை விட்டுவிட்டு 230 மட்டும் எடுப்பதும் தவறு. மிகத் தாழ்ந்த புள்ளியையும் மிக உயர்ந்த புள்ளியையும் இணைத்து 290 வீச்சுள்ள ஒரு பெரிய சுழற்சி, அதற்குள் 94-லிருந்து 0 வரை போய்வரும் ஒரு சிறிய சுழற்சி என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஜப்பானில் மட்சுயிஷியும் எண்டோவும் 1968-இல் தந்த மழைத்தாரை எண்ணும் முறை இதைத்தான் ஒழுங்காகச் செய்கிறது. சிக்கலான பதிவுக்கு அதன் நிரலைப் பயன்படுத்துங்கள். ஒரு பேட்ச்சையாவது கையால் பிரித்துப் பார்த்தால்தான் நிரல் தரும் விடையை நம்பலாமா என்று தெரியும்.

290-இன் மும்மடி 2.44 கோடி. தாங்குவது சுமார் 5,250 தடவை. ஒவ்வொரு பேட்ச்சும் பெரிய சுழற்சியால் ஆயுளில் 5,250-இல் ஒரு பங்கையும், சிறிய சுழற்சியால் 1,54,000-இல் ஒரு பங்கையும் செலவழிக்கிறது. பங்குகளைக் கூட்டி ஒன்றை எட்டினால் ஆயுள் முடிந்தது என்பது மைனரின் விதி. கூட்டினால் ஏறத்தாழ 5,100 பேட்ச். ஐந்தே ஆண்டு.

நிரப்பும் முறையை மட்டும் மாற்றுவோம். குளிர்விக்கும் சுருளிலிருந்து சூடாக வெளிவரும் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கும் பட்டறைகள் பல உண்டு. முதலில் 80 டிகிரியில் அந்தத் தண்ணீரை விட்டு, வளையமும் குளிரும்வரை பத்து நிமிடம் சுற்றவிட்டு, அதன் பிறகு 30 டிகிரித் தண்ணீருக்குப் போகலாம். அதிர்ச்சி 50 டிகிரியாக இரண்டு படியில் வருகிறது. முதல் படியில் உச்சி 115, எனவே பெரிய வீச்சு 175. அது 23,900 தடவை தாங்கும். இரண்டாம் படி 115 வீச்சுள்ள தனிச் சுழற்சி, 84,000 தடவை. அழுத்தச் சுழற்சியையும் சேர்த்துக் கூட்டினால் 16,600 பேட்ச். ஐந்து ஆண்டு பதினாறு ஆண்டாகிவிட்டது. ஒரு மி.மீ. தகடு கூடச் சேர்க்கவில்லை. ஒரு வால்வும் பத்து நிமிடமும்தான் செலவு.

இந்த எண்கள் பாதுகாப்பான பக்கம் சாய்ந்தவை. வெப்ப அதிர்ச்சியின் தகைவு மேற்பரப்பில்தான் உச்சம். உள்ளே போகப் போகக் குறையும். அதனால் சில விரிசல்கள் சிறிது ஆழம் போய் நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் பின்னாலிருந்து அழுத்தத் தகைவு தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தில் அப்படி நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது.

மும்மடி விதியால் தகைவில் நேரும் சிறு பிழையும் ஆயுளில் பெரிதாகிவிடும். வீச்சைப் பத்து சதவீதம் குறைத்துக் கணித்தால் ஆயுளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிச் சொல்லிவிடுவோம். கணினி மாதிரியில் இந்தப் பிழை எளிதாக நேரும் இடம் வெல்டின் விளிம்பு. அங்கே வலையை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணிலும் நிற்காது. எனவே விளிம்பிலேயே படிக்காமல், அதிலிருந்து தடிமனின் 0.4 மடங்கு தூரத்திலும் 1.0 மடங்கு தூரத்திலும் படித்து, முதலாவதை 1.67 ஆல் பெருக்கி இரண்டாவதன் 0.67 பங்கைக் கழியுங்கள். வெல்ட் விளிம்பின் கட்டமைப்புத் தகைவாகப் பன்னாட்டு வெல்டிங் நிறுவனம் பரிந்துரைக்கும் கணிப்பு இது.

வழவழப்பான கம்பிகளின் சோதனையிலிருந்து வந்த ஏ.எஸ்.எம்.இ. நெறிநூலின் சோர்வு வளைகோட்டைப் பயன்படுத்தினால் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கையாக இருங்கள். அந்த வளைகோடு கேட்பது வீச்சின் பாதியை. ஐரோப்பிய வெல்ட் வகுப்பு கேட்பது முழு வீச்சை. இரண்டையும் குழப்பினால் விடை பல மடங்கு தவறும். மற்றொன்று, அந்த வளைகோட்டில் தகைவுக்கு 2, சுழற்சிக்கு 20 என்ற கழிவு இருக்கிறது. அந்த 20 முழுவதும் கையிருப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சோதனை முடிவுகளின் சிதறலுக்கு 2, அளவு வேறுபாட்டுக்கு 2.5, மேற்பரப்பு, சூழல் போன்றவற்றுக்கு 4 என்று பெருக்கி வந்ததே அது. தொழிற்சாலைக் கலன் அதில் பெரும்பகுதியை முதல் நாளே பயன்படுத்திவிடுகிறது.

உப்பு

இதுவரை சொன்ன வளைகோடுகள் எல்லாம் காற்றில் செய்த சோதனைகளின் வழி வந்தவை. அதே மெஷினில் பருத்தி நூலும் ஓடுமானால், சாயம் பிடிக்க உப்புப் போடுகிறார்கள். சாதாரண உப்பு என்றால் குளோரைடு. 60 டிகிரிக்கு மேல், இழுவிசை தங்கியிருக்கும் வெல்டில், குளோரைடு 316 எல் எஃகைத் தகைவரிப்பு விரிசலுக்கு ஆளாக்கும். சுழற்சிச் சுமையும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று வேகப்படுத்தும். இதற்கு வளைகோட்டில் ஒரு கழிவைப் போட்டுக் கடந்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்ஃபேட், ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பின்னும் நன்றாக அலசுதல், தண்ணீர் தேங்கும் இடுக்கே இல்லாத வெல்ட் அமைப்பு ஆகியவை முதலில் வேண்டும். வெளிப்பக்கம் காப்புப் போர்வைக்குள் உப்புத் தண்ணீர் கசிந்து காய்ந்து செறிவதையும் பாருங்கள். உள்ளே பளபளவென்று இருக்கும் கலன் வெளியிலிருந்து வெடித்திருக்கும்.

சோதனை, பழுது, பழைய மெஷின்

அழுத்தக் கலன்கள் 2025 நவம்பர் வரை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 31-ஆம் பிரிவின் கீழ் வந்தன. தகுதியுள்ள நபர் வந்து பார்த்துச் சான்று தருவார். அந்தச் சான்றில் நீரழுத்தச் சோதனை இருந்தால், கலன் அன்று அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்று பொருள். விரிசல் பாதித் தடிமன் போயிருந்தாலும் கலன் அதைத் தாங்கிவிடக் கூடும். சோர்வுக்கு அது சோதனையல்ல.

316 எல் எஃகு காந்தத்துக்கு ஒட்டாது. காந்தத்துகள் சோதனை பயன்படாது. விரிசலைக் காட்டுவது சாய ஊடுருவல் சோதனை. குளோரைடு குறைந்த ஊடுருவியைக் கேட்டு வாங்குங்கள். மூடி வளைய வெல்ட், தண்ணீரும் நீராவியும் நுழையும் நாசில்கள், வடிகால், கால் பட்டைகளின் முனை ஆகிய இடங்களில் உள்ளும் புறமும் செய்யுங்கள். விரைவாகத் திறந்து மூடும் மூடியின் பூட்டுப் பற்களை எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை ஒவ்வொரு பேட்ச்சிலும் முழுச் சுமையைத் தாங்குகின்றன, கூடவே தேயவும் செய்கின்றன. உள்ளே அழுத்தம் இருக்கும்போது திறக்கவிடாத இடைப்பூட்டைக் கம்பி கட்டி முடக்கிய மெஷினில் ஒரு பேட்ச்கூட ஓட்டாதீர்கள். மூடி பறந்தால் எதிரே நிற்பவர் பிழைக்க மாட்டார்.

கணக்கில் ஐந்து ஆண்டு வந்தால் முதல் சோதனையை ஐந்தாம் ஆண்டில் வைக்கக் கூடாது. ஆயுளின் ஐந்தில் ஒரு பங்கு முடிந்ததும் ஒரு முறை பாருங்கள் என்பேன். விரிசல் கண்டால் அதன் மேலே வெல்ட் போட்டு மூடுவது பழுது நீக்கம் ஆகாது. அடியில் கிடக்கும் விரிசல் புது வெல்டைத் தின்றுகொண்டு மேலே வரும். முழுவதும் அரைத்து எடுத்து, சாய ஊடுருவலால் சுத்தம் என்று உறுதி செய்து, பிறகு வெல்ட் செய்து, விளிம்பை வழவழவென்று தேய்த்து விடுங்கள். அதோடு அந்த இடம் ஏன் வெடித்தது என்று கண்டு நிரப்பும் முறையையும் மாற்றாவிட்டால், அடுத்த விரிசல் அதே கணக்கில் வந்துசேரும்.

பழைய மெஷினை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை பேசுவதற்கு முன் பேட்ச் பதிவேட்டைக் கேளுங்கள். தயாரித்த ஆண்டு, பெயிண்டின் பளபளப்பு, புதிய சோதனைச் சான்று ஆகிய எதுவும் அதற்கு ஈடாகாது. பதிவேடு இல்லை என்றால் கலனின் ஆயுள் முழுவதும் செலவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, காப்புப் போர்வையைக் கழற்றி, ஒவ்வொரு வெல்டையும் ஊடுருவல் சோதனை செய்த பிறகே நீராவி இணைப்பைக் கொடுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சையும், மறுசாயம் உட்பட, எண்ணிப் பதிவு செய்யுங்கள்.